கண்மாய்க் கட்டுரைக்கு ‘உள்ளூர் விவகாரம்’ என்று வந்த பதில்

சிவகங்கை மாவட்டக் கண்மாய்களில் தண்ணீரைப் பங்கிடும் முறை பற்றிய என் கட்டுரை ஒருவழியாக வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்துவிட்டது. நிம்மதிதான். ஆனால் முதலில் அனுப்பிய இதழின் பதிலை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பிற ஆய்வாளர்களின் மதிப்பாய்வுக்கே அனுப்பாமல், “உள்ளூர் முக்கியத்துவம் மட்டுமே உடையது” என்று ஆசிரியர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். அதே இதழில் ஸ்பெயினின் வலென்சியா வாய்க்கால்களைப் பற்றிய கட்டுரையைப் படித்திருக்கிறேன். வலென்சியா உலகத்துக்கு ஏன் முக்கியம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த விளக்கத்தை நம்மிடம் மட்டும்தான் கேட்கிறார்கள்.

என் நெறியாளர் அம்மா, “ஆய்வைத் தொடாதே, முதல் இரண்டு பக்கத்தை மட்டும் மாற்று” என்றார். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் என்று தொடங்கியிருந்ததை உள்ளே தள்ளினேன். மழை பொய்த்த ஆண்டில் யார் வயல் காய வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள், மற்றவர்கள் அதற்கு ஏன் கட்டுப்படுகிறார்கள் என்ற கேள்வியை முன்னால் வைத்தேன். பொதுவளங்களை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டி 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், வலென்சியாவையும் பிலிப்பைன்ஸ் பாசனக் குழுக்களையும் எடுத்துக்காட்டியவர். அவை ஓடும் நீரை நம்பியவை. கண்மாயிலோ பருவமழை முடிந்ததும் நிற்கிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். உபரி நீர் வெளியேறும் கலுங்கு வழிந்ததா, அரைக் கண்மாய்தானா என்று பார்த்தே எத்தனை வயலுக்கு நாற்று விடலாம் என்று ஊர் கூடிப் பேசிவிடலாம். வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சியின் அதிகாரமும் அந்தப் பேச்சிலிருந்துதான் வருகிறது. இலங்கை உலர் வலயத்தின் குளத் தொடர்களை உலக உணவு வேளாண் அமைப்பு 2017இல் மரபு வேளாண் அமைப்பாக அங்கீகரித்திருப்பதையும் சேர்த்தேன். தரவில் ஓர் எண்ணையும் மாற்றவில்லை. அடுத்த இதழ் மதிப்பாய்வுக்கு அனுப்பியது.

இதழைத் தேர்வதில் கவனம் வேண்டும். தரமான இதழ்கள் எவை என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த யுஜிசி கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டுவிட்டது. உண்மையான இதழின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்திப் பணம் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பை நம்பாதீர்கள். ஆய்விதழ்களின் தரவுத்தளமான ஸ்கோப்பஸ் தளத்தின் இதழ்ப் பட்டியலை இலவசமாகவே பார்க்கலாம். அங்கே இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எண்ணைத் தேடிப் பதிப்பகத்தின் பெயரைச் சரிபார்த்து, அந்தப் பதிப்பகத்தின் தளம் வழியாக உள்ளே போங்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது, மனிதர்களிடம் தகவல் திரட்டும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் கடிதம். விவசாயிகளிடம் நேர்காணல் எடுத்திருப்பதால் அது வேண்டும் என்றது இதழ். அலுவலகத்தில் கேட்டால், “அதெல்லாம் மருத்துவக் கல்லூரிக்குத்தான்” என்று எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். பதிவாளரைப் பார்க்கப் போன நாளில் அவர் ஊரிலேயே இல்லை. முன்பே சொல்லியிருந்தால் பஸ் ஏறியிருக்கவே மாட்டேன். கடைசியில், இத்துறைக்கு அப்படியொரு குழு இங்கே இல்லை என்று துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி, விவசாயிகள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்களோடு அனுப்பியபின் ஏற்றுக்கொண்டார்கள். எல்லா இதழும் இப்படி இறங்கிவராது. களப்பணிக்குப் போகும் முன்பே அந்த அனுமதியைக் கேட்டுவிடுங்கள். பின்தேதியிட்டு யாரும் தர மாட்டார்கள்.

மதிப்பாய்வாளர் ஒருவர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் திருத்தி வாங்கச் சொல்லியிருந்தார். எந்த வாக்கியம் புரியவில்லை என்று ஒன்றைக்கூடக் காட்டவில்லை. காசு கொடுத்து யாரிடமும் போகவில்லை. நெறியாளரும் நானும் உரக்கப் படித்து நீண்ட வாக்கியங்களை வெட்டினோம். எந்தப் பக்கம், எந்த வரி, என்ன மாற்றம் என்று பதில் கடிதத்தில் வரிசையாக எழுதினேன். வேறொரு மாநிலத்தின் தரவையும் சேர்க்கச் சொன்னதற்கு மட்டும், ஆய்வின் எல்லை இது என்று காரணத்தோடு மறுத்தேன். ஆசிரியர் என் பக்கம் நின்றார். பணிவாக, ஆதாரத்தோடு மறுத்தால் கேட்கிறார்கள்.

ஏற்பு வந்ததும் கட்டணப் பக்கம் திறக்கும். யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் திறந்த அணுக்கத்துக்குப் பல இதழ்களில் 1,000 டாலருக்கு மேல் போகிறது. ஏழை நாடுகளுக்கான சலுகையில் பெரும்பாலும் இந்தியா இல்லை. படிப்பவர்களிடம் பணம் வாங்கும் சந்தா முறையும் உள்ள இதழ் என்றால் அதைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் ஒரு ரூபாயும் வேண்டாம்.

பெயர் விஷயத்தில் விடாப்பிடியாக இருங்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகராது. அப்பாவின் பெயரை அங்கே போட்டேன், அச்சுக்கு முன் சரிபார்க்க வந்த மெய்ப்பில் அவரே கட்டுரையாளர் போல முன்னால் நின்றார். மெய்ப்பைத் திருப்ப இரண்டே நாள்தான் தந்தார்கள், சண்டை போட்டுத் திருத்த வைத்தேன். முதல் கட்டுரைக்கு முன்பே ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் (ORCID) எண் வாங்கி, ஒரே வடிவத்தில் பெயரை எழுதி வாருங்கள். தொடர்புக்குக் கல்லூரி மின்னஞ்சலோடு சொந்த முகவரியையும் கொடுங்கள். படிப்பு முடிந்ததும் கல்லூரிக் கணக்கை மூடிவிடுகிறார்கள். எனக்கு அடுத்த அறையில் இருந்த தோழிக்கு ஆசிரியரின் திருத்தக் கடிதமே போய்ச் சேரவில்லை.