லேபிளில் தோட்டத்தின் பெயர் வேண்டுமென்றால்: வில்லாமெட்டில் பினோ நுவார்

அமெரிக்காவில் ஒயின் லேபிளில் ஒரு தோட்டத்தின் பெயரைப் போட, அந்த ஒயினில் குறைந்தது 95 சதவீதம் அந்தத் தோட்டத்துத் திராட்சையாக இருக்க வேண்டும். ஒரு வருடம் பழம் சுமாராகிப்போனால் வெளியே வாங்கிக் கலந்து சரிக்கட்ட முடியாது. ஓரிகனின் வில்லாமெட் பள்ளத்தாக்கில் குடும்பமாகப் பினோ நுவார் என்ற ஒயின் திராட்சையைப் பயிரிடும் நாங்கள் எடுக்கும் முடிவுகள் எல்லாம் இந்த ஒரு விதியைச் சுற்றியே இருக்கின்றன.

நிலம் பார்க்கும்போது பள்ளத்தின் அடிவாரத்தைத் தவிருங்கள். இரவில் குளிர்காற்று இறங்கித் தேங்கி, வசந்தத்தில் துளிரைக் கருக்கிவிடும். 300 முதல் 700 அடி உயரத்தில் தெற்கு பார்த்த சரிவு நல்லது. அங்கே பல இடங்களில் ஜோரி என்ற எரிமலைச் செம்மண் இருக்கும். அமிலத்தன்மை உள்ள மண். அதைக் குறைக்கப் போடும் சுண்ணாம்பு மிக மெதுவாகத்தான் கீழே இறங்கும் என்பதால், மண் பரிசோதனை செய்து நடுவதற்கு முன்பே ஆழ உழுது கலந்துவிட வேண்டும்.

1990-ல் ஓரிகனில் பிலாக்செரா என்ற வேர்ப் பூச்சி கண்டறியப்பட்டது. அதனால் அந்தப் பூச்சியைத் தாங்கும் 3309, 101-14 போன்ற வேர்ச்செடி வகைகளில் ஒட்டுக்கட்டிய கன்றுகளே பாதுகாப்பு. ஒட்டு மண்ணுக்கு மேல் நன்றாகத் தெரிய நடுங்கள். மண் மூடினால் மேல்கொடியே வேர்விட்டு, ஒட்டின் பலன் போய்விடும். 7 அடிக்கு 4 அடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,550 கன்றுகள் பிடிக்கும். மான் வேலி கட்டாயம். விற்கும்படியான முதல் விளைச்சல் மூன்றாம் வருடத்தில்தான்.

சாம்பல் நோய்க்குக் கந்தகம் 7 முதல் 14 நாளைக்கு ஒருமுறை தெளிக்கிறோம், பழம் நிறம் மாறும்வரை. அதற்குப் பிறகும் தெளித்தால் தோலில் தங்கும் கந்தகம், நொதிக்கும்போது அழுகிய முட்டை நாற்றமாக வெளிவரும். நிறம் மாறத் தொடங்கியதும் பறவை வலை போட்டுவிடுங்கள்.

அறுவடை செப்டம்பர், அக்டோபரில், மழையோடு போட்டிபோட்டு நடக்கும். வரிசையின் இரு பக்கமிருந்தும் நூறு பழமாவது பறித்துப் பிழிந்து அளவெடுங்கள். வெயில் பக்கத்துப் பழம் மட்டும் எடுத்தால் சர்க்கரை அதிகமாகக் காட்டி ஏமாற்றும். சர்க்கரை அளவு 23–24 பிரிக்ஸ், புளிப்பைக் காட்டும் பி.எச். 3.3–3.5 வந்தால் வெட்டலாம்.

சிறு தோட்டக்காரர்கள் அதிகம் தடுமாறுவது பீப்பாய்க் கணக்கில். ஒரு டன் பழம் 228 லிட்டர் பீப்பாய் இரண்டரைதான் தரும். அந்த அரைப் பீப்பாயை அப்படியே விட்டால் காற்றுப்பட்டு வினிகர் ஆகும். மிச்சத்தைக் கண்ணாடிக் குடுவைகளில் கழுத்துவரை நிரப்பி மூடிவைக்கிறோம். பீப்பாய் மரம் வழியே ஒயின் ஆவியாகிக் குறையும்போது இதைத்தான் ஊற்றுகிறோம். வேறு தோட்டத்து ஒயினை ஊற்றினால் அந்த 5 சதவீத இடம் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்துவிடும். எத்தனை லிட்டர், எதிலிருந்து எதற்கு என்று அன்றன்றைக்கே எழுதிவையுங்கள். மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறி முடிந்ததைச் சோதித்து உறுதிசெய்யாமல் சல்பர் டை ஆக்சைடு சேர்க்க வேண்டாம். சேர்த்தால் மாற்றம் பாதியில் நின்று, பின்னால் பாட்டிலுக்குள் மறுபடி தொடங்கும்.

சொந்த ஆலை கட்டும் பணம் இல்லாதவர்கள் உரிமம் பெற்ற இன்னொரு ஆலையில் கூலி கொடுத்து ஒயின் செய்துகொள்ளலாம், நல்ல வழிதான். தோட்டத்தின் பெயரை அப்போதும் போடலாம். ஆனால் 'எஸ்டேட் பாட்டில்டு' என்று போட, பாட்டிலில் அடைக்கும் ஆலையே தோட்டத்தையும் தன் கட்டுப்பாட்டில் வைத்து, பிழிவதிலிருந்து அடைப்பதுவரை எல்லாவற்றையும் செய்திருக்க வேண்டும். லேபிளை அச்சுக்குக் கொடுக்குமுன் மத்திய அரசின் ஒப்புதல் கையில் இருக்கட்டும்.