எல்லைப்புற வகுப்பறைக் குறிப்புகள்: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து

ஜூன் 11

இரண்டாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சிறுவன், எதைக் கேட்டாலும் ஓரிரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறான். ‘வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், இரண்டும் சேர்ந்து பிள்ளையைக் குழப்பிவிட்டன’ என்று அங்கன்வாடிக் காலத்திலிருந்தே சொல்லி வந்திருக்கிறார்கள். பாலக்காட்டின் இந்த எல்லைப்பகுதியில் பேச்சுத் தாமதமான பிள்ளை எதுவானாலும் இதே காரணம்தான் கூறப்படுகிறது. இருமொழிச் சூழல் மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழிகளிலும் தெரியும். மலையாளம் மட்டும் பழகாத பிள்ளை தமிழில் தடையின்றிப் பேசும்.

ஜூன் 13

சிறுவனின் தாயார் வந்திருந்தார். “வீட்டுலயும் மலையாளத்துலயே பேசுங்கன்னு சொன்னாங்க டீச்சர். எங்களுக்கே அது அரையுங்கொறையுமாத்தானுங்க வரும்” என்றார். தமிழிலேயே தாராளமாகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பெற்றோர் தமக்குச் சரளமாக வராத மொழிக்கு மாறினால், பிள்ளையின் காதில் விழும் பேச்சே சுருங்கிப்போகும். சந்தைக்குப் போய் வந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னபோதும் ‘அப்பா… சந்தை… மிட்டாய்’ என்பதோடு அவன் நின்றுவிட்டதாக அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

முதலில் செவித்திறனைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் கோத்துக் கேட்கும் திறன் ஏறி இறங்குவதுண்டு. வகுப்பில் அது கவனக்குறைவாகவே தோன்றும்.

ஜூன் 24

செவியில் குறையில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் தன் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் அதன் வரையறை, உடலுறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணத்தால் வந்த நிரந்தரக் குறையைப் பற்றியே பேசுவதால், வெளிப்படையான காரணம் எதுவுமின்றி மொழி வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைப்பது எளிதன்று. இத்தகைய பிள்ளைகள் அரிதானவர்களும் அல்லர்: இங்கிலாந்தில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, பள்ளியில் சேர்ந்த சிறுவர்களில் ஏறத்தாழ 7.5 விழுக்காட்டினரிடம் இதைக் கண்டது. 30 பேர் கொண்ட வகுப்புக்கு இருவர் என்றாகிறது. ஆகவே, வகுப்பறையில் செய்யக்கூடியதைச் செய்யச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜூலை 3

‘புத்தகத்தை எடுத்து, பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து, படத்துக்குக் கீழே எழுதுங்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்லாமல், ஒவ்வொன்றாகச் சொல்லி, முந்தியது முடிந்த பிறகே அடுத்ததைச் சொல்கிறேன். கேள்வி கேட்டபின் அவனுக்காக நிதானமாகக் காத்திருக்கிறேன். முந்திக்கொண்டு விடை சொல்லும் பிள்ளைகளும் இப்போது கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்திருக்கிறார்கள். இன்று படத்தைக் காட்டி, “மாடு… கயிறு… ஓடு” என்றான். “ஆமாம் கண்ணு, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது” என்றேன். திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. அவன் சொன்னதையே முழு வாக்கியமாகக் கேட்க வைப்பதுதான் இதன் பயன். கட்டாயப்படுத்தினால் சொல்ல நினைத்ததும் தொண்டைக்குள் நின்றுவிடும். சற்றுப் பொறுத்து அவனாகவே, “மாடு ஓடிருச்சு” என்றான்.

ஜூலை 16

ஸ்பீச் தெரபிஸ்ட் வந்தார். மலையாளம் மட்டும் அறிந்தவர், சோதனைத் தாள்களும் மலையாளத்தில். அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து இவனைப் பற்றி எதையும் முடிவு செய்யக் கூடாது என்று சொன்னேன். அவரும் மனமார ஒப்புக்கொண்டார். தாயாரின் சம்மதத்துடன் வீட்டில் பதிவு செய்த பேச்சைப் போட்டுக் கேட்டோம். விட்டுப்போகும் விகுதிகளையும் வேற்றுமை உருபுகளையும் நான் விளக்க, அவர் எழுதிக்கொண்டார். கதையைக் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் அவனுக்குச் சிரமம் இருப்பதால், பயிற்சி வெறும் உச்சரிப்போடு நிற்காது.

அடுத்த வாரம் உழவு பற்றிய பாடம். மதகு, வரப்பு, நாற்று ஆகிய சொற்களைத் தாயாரிடம் இன்றே கொடுத்தனுப்பியிருக்கிறேன். பாடம் தொடங்குமுன் வயலுக்கு அழைத்துப்போய்க் காட்டிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.