இன்னும் ஒரே ஒரு தரம்

ஒக்டோபர் கடைசியில் எங்கள் படகுத்துறைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே விஷயத்துக்குத்தான். "என்னுடைய படகை இந்த வாரம் வெளியே தூக்க வேண்டாம். சனிக்கிழமை நல்ல வெயில் என்கிறார்கள். ஒரே ஒரு தரம் போய்விட்டு வந்து தருகிறேன்." குரல்தான் மாறும், கேள்வி மாறாது. பதினொரு வருடங்களாகக் கேட்கிறேன். முதல் வருடம் "சரி, போய் வாங்கோ" என்று நானே உற்சாகப்படுத்தியிருக்கிறேன்.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் இருக்கிறது நான் வேலை செய்யும் இடம். நான் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரன். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தது. வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது, "எனக்குக் கடல் தெரியும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மனேஜர் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் பிடிபட ஒரு இலையுதிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது.

இங்கே படகுக்காரருக்கு வருடம் மே மாதம் தொடங்கி, ஒக்டோபரில் நன்றியறிதல் நாள் விடுமுறையோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. இரண்டு பெரிய வார்ப்பட்டிகளைப் படகுக்கு அடியில் விட்டு, ட்ராவல் லிஃப்ட் என்ற நாலுகால் இயந்திரம் அதைத் தண்ணீரிலிருந்து தூக்கும். ஏழெட்டுத் தொன் படகு காற்றில் ஆடிக்கொண்டு வரும்போது அடியில் நிற்பவன் நான்தான். அடிப்பக்கத்தை அழுத்தநீரால் கழுவ வேண்டும். நகக்கண் அளவு வரிச்சிப்பிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். 1988இல் சென் கிளயர் ஏரியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டவை, கப்பல்கள் நிலைதளும்பாமலிருக்க நிறைநீராக ஏற்றி வந்த தண்ணீரோடு ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தவை என்று சொல்வார்கள். விரலைப் பதம் பார்த்துவிடும். ஊரில் சிப்பி பொறுக்கிய கை என்றாலும் இதற்குக் கையுறை வேண்டும்.

அப்புறம் எஞ்சின். ஏரித்தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் எஞ்சின்களுக்குள்ளே ஒரு கோப்பைத் தண்ணீர் மிஞ்சினாலும் போதும். உறையும்போது தண்ணீர் பருமனில் சுமார் 9 சதவீதம் பெருக்கும். இரும்பு பிளாக் அதற்கு இடம் கொடுக்காது, பிளந்துவிடும். அதனால் ரோஸ் நிற அன்டிஃப்ரீஸ் திரவத்தை எஞ்சினைக் குடிக்கவைத்து, புகைக்குழாய் வழியாக அதே ரோஸ் நிறம் வெளியே கொட்டும்வரை ஓடவிடுவோம். கழிவறைப் பம்ப், குடிநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் இதே மருந்துதான். நவம்பரில் எங்கள் முற்றம் திருவிழா முடிந்த கோயில் வீதி மாதிரி இருக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றிய படகுகள் வரிசையாக நிற்க, நடுவில் ரோஸ் நிறத் திட்டுகள்.

முதல் வருடம், நவம்பர் நடுப்பகுதியில், அந்த வேலைக்கு இடையில்தான் நான் தண்ணீருக்குள் விழுந்தேன். யாரும் தள்ளவில்லை, அலையுமில்லை. டொக்கின் பலகையில் உறைபனி படிந்திருந்தது. கயிறு அவிழ்க்கக் குனிந்தேன், கால் வழுக்கியது. அவ்வளவுதான். தண்ணீர் 8 பாகை செல்சியஸ்.

எனக்கு நீச்சல் தெரியும் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. நடக்கப் பழகிய கையோடு நீந்தப் பழகியவன். ஆனால் அன்று தலை தண்ணீருக்குள் போன கணத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. நான் திறக்கவில்லை. யாரோ முதுகில் அறைந்ததுபோல ஒரு பெரிய மூச்சு உள்ளே போனது, அதோடு ஏரியும் கொஞ்சம் போனது. பிறகு நாய் இரைப்பது மாதிரி மூச்சு. நிறுத்த முடியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஏணி. அதன் மேல் படியைப் பிடித்தேன், விரல் மடங்கியது, இறுக்கம் வரவில்லை. மெக்கானிக் ஓடிவந்து சட்டைக் கொலரில் பிடித்து இழுத்தார். மொத்தம் இரண்டு மூன்று நிமிடம் இருந்திருப்பேன். அன்று நான் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. டொக்கில் நிற்கிறவனுக்கு அது எதற்கு என்று நினைத்தேன்.

ஊரில் நாங்கள் பயந்தது காற்றுக்கு. வாடை எழும்பினால் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிடுவோம். விழுந்தாலும் தண்ணீர் நம்மை வைத்திருக்கும், மணித்தியாலக் கணக்கில் மிதந்து தப்பியவர்களின் கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். தண்ணீர் என்பது எனக்கு எதிரியாகத் தோன்றியதேயில்லை. இங்கே அலை எழும்பாமலே, கரையிலிருந்து ஓர் அடி தூரத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இதைப் பின்னர் ஒழுங்காகப் படித்தேன். மனிட்டோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் குளிர்நீரில் மனித உடலுக்கு என்ன நடக்கிறது என்று தானே பனித்தண்ணீரில் இறங்கி ஆராய்ந்தவர். அவர் பிரபலப்படுத்திய கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்த. அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னதைக் கேட்கும், அதற்குள் செய்யக்கூடியதைச் செய்துகொள்ள வேண்டும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம். உடல் விறைத்துச் சாவதற்கு முன்னாலேயே பலர் முதல் நிமிடத்திலோ பத்தாவது நிமிடத்திலோ மூழ்கிவிடுகிறார்கள் என்பதுதான் இதிலுள்ள விஷயம். அந்த ஒரு மணித்தியாலம் லைஃப் ஜாக்கெட் போட்டவனுக்கு மட்டும் எழுதப்பட்டது.

இதையெல்லாம் வாடிக்கையாளருக்கு விளக்கத் தொடங்கினால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். கண் வானத்தில் இருக்கும். 18 பாகை வெயில், மேப்பிள் இலைகள் சிவப்பும் மஞ்சளும், ஏரி கண்ணாடி. அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. அந்த நாட்களில் ஏரி உண்மையாகவே அழகு. கோடைக்கூட்டம் இல்லை, நுளம்பு இல்லை. ஆர்க்டிக் பக்கத்திலிருந்து நீள்வால் வாத்துகள் குளிர்காலம் கழிக்க வந்து இறங்கி, ஆளுக்காள் கூப்பிட்டபடி மிதக்கும். எனக்கே ஆசை வரும்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் அப்படித்தான் போனார். சின்ன அலுமினியப் படகு, தனி ஆள். நல்ல வெயில், குளிர்காற்றின் முன்விளிம்பான குளிர்முகம் ஒன்று முதல்நாள் கடந்துபோய் வடமேற்குக் காற்று. இந்த வடமேற்குக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடகரையில் நிற்பவனுக்கு அது நிலத்திலிருந்து ஏரிக்குள் வீசுகிறது. கரையில் மேடு இருந்தால் மறைத்துவிடும். ஸ்காபரோ குன்றுகள் 90 மீட்டர்வரை எழும்பி நிற்பவை. அவற்றின் அடியில் நின்று சிகரெட் பற்றவைக்கலாம், தண்ணீரில் ஒரு நெளிவு இருக்காது. இரண்டு மூன்று கிலோமீட்டர் வெளியே போனதும் அதே காற்று அலையாகிவிடும். எஞ்சின் நின்றால் படகு கரைக்கு வராது, அமெரிக்கக் கரைப் பக்கமாகப் போகும். நடுவில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தண்ணீர்.

அவருடைய எஞ்சின் நின்றது. மாலை ஐந்து மணிக்கு வாகனத் தரிப்பிடத்தில் அவருடைய வெறும் ட்ரெய்லர் நிற்பதைக் கண்டேன். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியிருந்தோம், ஐந்து மணி என்றால் இருட்டு. தொலைபேசியை எடுக்கவில்லை. 911க்கு அழைத்தேன். பொலிஸ் படகு போய் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் வெளியே கண்டுபிடித்தது. ஆள் உயிரோடுதான் இருந்தார். கயிற்றை எறிந்தார்களாம், பிடித்திருக்கிறார், ஆனால் கட்ட விரல் வரவில்லை. லைஃப் ஜாக்கெட் இருந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சட்டப்படி பிழையில்லை, ஆளுக்கு ஒன்று படகில் இருந்தால் போதும் என்கிறது சட்டம்.

எங்கள் மெக்கானிக் நவம்பர் 10ஆம் தேதி வந்தால் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார். 1975இல் அதே நாளில் சுப்பீரியர் ஏரியில் மூழ்கிய 222 மீட்டர் நீளக் கப்பல். 29 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. 1913 நவம்பர்ப் புயலில் பேரேரிகளில் 250க்கு மேற்பட்டோர் போனார்கள். ஏன் நவம்பர் என்று கேட்டேன். ஏரி கோடைச் சூட்டில் கொஞ்சத்தை இன்னும் வைத்திருக்கிறது, மேலே வரும் காற்றோ குளிர், அதனால் காற்று நிலைகொள்ளாமல் புரண்டு, உயரத்தில் வேகமாக வீசுவதைக் கீழே இழுத்துவிடுகிறது என்றார். முற்றத்தில் நின்று பிளாஸ்டிக் சுற்றும்போது அது எனக்கும் தெரியும். ஒரு நிமிடம் சும்மா நிற்கும், அடுத்த நிமிடம் முழு விரிப்பையும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும்.

இப்போது நான் விளக்குவதை விட்டுவிட்டேன். படகு இறக்கும் சரிவுக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் ஏரித்தண்ணீர் அள்ளி வைத்திருக்கிறேன். போக வேண்டும் என்பவரிடம், "முழங்கைவரை விடுங்கோ, அறுபது எண்ணுங்கோ, பிறகு இந்தக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுங்கோ" என்பேன். சிலர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், அவர்களைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை. சிலர் நாற்பதில் கையை எடுத்துவிட்டு, காருக்குப் போய் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வருவார்கள். மனேஜருக்கு இந்த வாளி பிடிக்கவில்லை, வியாபாரத்தைக் கெடுக்கிறது என்கிறார். குளிர்காலத்தில் எரிபொருள் விற்பதில் என்ன பெரிய வியாபாரம் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் நவம்பர் முதல் வாரம், எழுபது தாண்டிய ஒரு ஐயா வந்தார். எங்கள் வடமராட்சிப் பக்கம். பதினாறு அடிப் படகு, சல்மன் பைத்தியம். இன்னும் ஒரே ஒரு தரம் என்றுதான் வந்தார். வாளிக்குள் கையை விட்டார், எண்ணவே இல்லை.

"தம்பி, எத்தினை பாகை?"

"ஒன்பது, ஐயா."

"மீனுக்குச் சரி," என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

படகை இறக்கவில்லை. ஆனால் வீட்டுக்கும் போகவில்லை. ட்ரெய்லரோடு ஏரியைப் பார்க்கும்படி நிறுத்தி, ஏணி வைத்து ஏறி, தன் இருக்கையில் உட்கார்ந்து, சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். கொஞ்சம் பொறுத்து எனக்கும் கை காட்டினார். மேலே ஏறிப் போனேன். இஞ்சித் தேநீர். ஒரு மணித்தியாலம் இருந்தோம், அவர் இரண்டு தடவை சுக்கானைத் திருப்பினார்.