மைக்ரோசிப் பொருத்திய பிறகு

காணாமல்போனால் யாருடைய நாய் என்று கண்டறிய உதவும் மைக்ரோசிப்பை எங்கள் நாயின் தோலுக்கடியில் அண்மையில் பொருத்தினோம். அதற்கான ஊசியைப் போட ஆன நேரத்தைவிட, சிப்பின் எண்ணை என் பெயரோடும் கைப்பேசி எண்ணோடும் பதிவு செய்ய ஆன நேரமே அதிகம். அந்தப் பதிவுதான் உண்மையான பாதுகாப்பு என்பதால் இதை எழுதுகிறேன்.

மருத்துவர் முதலில் கழுத்திலிருந்து முன்னங்கால்கள் வரை ஸ்கேனரை நிதானமாக நகர்த்தி, வேறு சிப் ஏதும் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு உறைக்குள் இருந்த புதிய சிப்பை ஸ்கேன் செய்து, திரையில் தெரிந்த 15 இலக்க எண்ணையும் ஸ்டிக்கரில் அச்சிட்டிருந்த எண்ணையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டார். தடுப்பூசிக்குரியதைவிடச் சற்றுத் தடித்த ஊசி என்பதால் எனக்குத்தான் மனம் பதைத்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து அவர் அதைச் செலுத்தியபோது, நாய் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்ததோடு சரி. மயக்க மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

அரிசி மணி அளவேயான, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தக் கண்ணாடிக் குப்பிக்குள் மின்கலம் கிடையாது. ஸ்கேனர் அனுப்பும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்றுத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்வதால், சிப்புக்குச் சார்ஜ் ஏற்றவோ மின்கலம் மாற்றவோ வேண்டியதில்லை. ஆனால், நாய் எங்கே திரிகிறது என்பதை இது காட்டாது; ஜிபிஎஸ் வேறு, இது வேறு. உரிமையாளரின் பெயரோ முகவரியோகூட இதற்குள் இல்லை. இருப்பது எண் மட்டுமே.

ஆகவே, காணாமல்போன நாயை யாரோ ஒரு நல்லவர் மருத்துவரிடம் கொண்டுசேர்த்து, சிப்பும் சரியாகப் படிக்கப்பட்டாலும், பதிவேட்டில் பழைய கைப்பேசி எண் இருந்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும். வீடு மாறுகிறவர்களும், பிறர் வளர்த்த நாயைத் தத்தெடுப்பவர்களும் இதில் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். தத்தெடுத்த நாயின் சிப் பல நேரங்களில் முந்தைய உரிமையாளரின் பெயரிலேயே கிடக்கிறது. இங்கிலாந்தில் 2016 ஏப்ரலில் நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயமாக்கப்பட்டபோது, விவரங்களை அவ்வப்போது புதுப்பித்து வைப்பதும் உரிமையாளரின் சட்டக் கடமையாயிற்று. அது மிகச் சரியான ஏற்பாடு என்பேன்.

நாயோடு வெளிநாடு செல்லும் எண்ணம் உள்ளவர்கள் வரிசையையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, சிப் பொருத்துவதற்கு முன் போட்ட வெறிநோய்த் தடுப்பூசி பயணத்துக்குச் செல்லாது.

சில நாய்களுக்குச் சிப் தோலுக்கடியில் நகர்ந்து தோளுக்கோ காலுக்கோ இறங்கிவிடுவதும் உண்டு. ஆண்டுதோறும் தடுப்பூசிக்குப் போகும்போது ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அன்றே பதிவேட்டைத் திறந்து உங்கள் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது எண்ணுக்கு அங்கே இடமிருந்தால், உங்களோடு பயணம் செய்யாத உறவினர் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். கழுத்துப்பட்டையில் தொங்கும் பெயர்த்தகட்டையும் கழற்றிவிட வேண்டாம். தெருவில் நாயைக் கண்டெடுப்பவரின் கையில் ஸ்கேனர் இருக்காது.