பாலைவனச் சாலையில் ட்ரெய்லர் டயர்

ஊரில் டயர் பஞ்சரானால் கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டு போனால் போதும், எங்காவது ஒரு பஞ்சர் கடை கண்ணில் படும். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ஐ-15 நெடுஞ்சாலையில் அது நடக்காது. பேக்கர் என்ற சின்ன ஊரில் 134 அடி உயர வெப்பமானி நிற்கிறது. பக்கத்து டெத் வேலியில் 1913-ல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்காக வைத்தது. அதைத் தாண்டினால் மூவாயிரம் அடிக்கு மேல் ஏற்றம். கோடையில் காருக்குப் பின்னால் ட்ரெய்லர் கட்டி இழுப்பவர்களுக்கு அந்த இடம்தான் சோதனை.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் குடிவந்த பிறகு, பிள்ளைகளோடு யூட்டாவின் மலைகளுக்குப் போய்வர, ஒருவரிடமிருந்து பழைய ட்ராவல் ட்ரெய்லர் வாங்கினோம்; காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சின்ன வீடு மாதிரி. அந்த ஏற்றத்தில் பக்கத்தில் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பின்பக்கம் கை காட்டினார். ஸ்டீயரிங்கில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம் என்பதால் மற்றது தாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. இறங்கிப் பார்த்தால், டயரின் பட்டன், அதாவது தரையில் படும் மேடு பள்ளம், புதுசு போலத்தான் இருந்தது. ஆனால் மேல்தோல் அப்படியே உரிந்து, மட்கார்டைக் கிழித்து, விளக்கு ஒயரையும் அறுத்திருந்தது.

ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை. வெயிலில் நின்று நின்றே கெட்டுப்போகிறது. பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் தாண்டியதை நான் இப்போது நம்புவதில்லை, பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி.

அடுத்த எதிரி, குறைந்த காற்று. காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், அந்தச் சூடுதான் டயரைப் பிரிக்கிறது. எங்கள் டயரில் அச்சிட்டிருப்பது 50 பிஎஸ்ஐ. காலையில் வண்டி நகரும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு அடித்துவிடுகிறேன். ஓடிய பிறகு அளவு கூடித்தான் காட்டும், அப்போது காற்றை இறக்கவே கூடாது. வேகமும் அப்படித்தான்: கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தால் சட்டப்படி மணிக்கு 55 மைல். எல்லை தாண்டி நெவாடாவில் எல்லோரும் பறந்தாலும், நான் அறுபதைத் தாண்டுவதில்லை.

அன்று பிக்கப்பில் வந்த ஒரு பெரியவர் நிறுத்தி, சரிவான ஒரு கட்டையைக் கொடுத்தார். நல்ல டயரை அதன்மேல் ஏற்றினால் பழுதான சக்கரம் தானாகத் தரையை விட்டு எழும்புகிறது, ஜாக்கியே வேண்டாம்! இரண்டு அச்சு உள்ள ட்ரெய்லருக்கு அதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. தெரியாத தேசத்தில், அந்த வெயிலில், பெயர்கூடச் சொல்லாமல் அவர் போனதை எங்கள் வீட்டில் இன்றும் பேசுவோம். அன்று பாரம் முழுவதையும் தனியாகச் சுமந்த ஜோடி டயரையும் ஊர் போய்ச் சேர்ந்ததும் மாற்றிவிட்டேன். வெளியே தெரியாமல் அதுவும் நொந்திருக்கும்.

இப்போது பெட்ரோல் போட நிற்கும் இடமெல்லாம் ஒரு சுற்று வந்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் கையை அருகே கொண்டுபோய்ப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் பேரிங் அல்லது பிரேக் கோளாறு. சக்கரம் மாற்றியிருந்தால் முதல் ஐம்பது மைலில் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். அப்புறம், காரோடு வந்த ஸ்பானர் ட்ரெய்லர் நட்டுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டு வாசலிலேயே போட்டுப் பாருங்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கட்டும்.