உடைத்துப் பார்க்கும் வேலை

பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பிள்ளைகளை ஒரு மென்பொருள் நிறுவன வளாகத்துக்கு அழைத்துப் போக அனுமதி கிடைத்தபோது, அவர்களைவிட எனக்குத்தான் ஆவல் அதிகம். ஸ்டார் ஆபீஸ் நடத்தியிருக்கிறேன், சி பிளஸ் பிளஸ் நடத்தியிருக்கிறேன், 2019-ல் பாடநூல் மாறியதிலிருந்து பைத்தான் என்ற புரோகிராம் மொழி நடத்துகிறேன். ஆனால் இதை வைத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் காலையில் வந்து உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள் என்று நேரில் பார்த்ததில்லை.

வந்தவாசிப் பக்கம் எங்கள் பள்ளி. செங்கல்பட்டு, திருப்போரூர் வழியாகச் சிறுசேரி சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தோம். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்த பிறகு ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலை தெற்கே வளர்ந்துகொண்டே வந்தது. எங்கள் பிள்ளைகளின் அண்ணன், அக்கா, சித்தப்பா என்று யாராவது ஒருவர் இந்தச் சாலையில் வேலையில் இருப்பார். எல்லோரும் கணினி முன்னால் இல்லை. வேன் ஓட்டுகிறவர்கள், கேன்டீனில் இருப்பவர்கள், வாசலில் சீருடையில் நிற்பவர்கள்தான் அதிகம்.

வாசலில் பென் டிரைவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், செல்போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஸ்டேட்டஸ் போட முடியாது என்று தெரிந்ததும் பாதிப் பேர் முகம் வாடிவிட்டது. கண்ணாடிக் கட்டடம், புல்வெளி, பெரிய சாப்பாட்டுக் கூடம் எல்லாம் இருந்தன. ஒரு மணி நேர ஸ்லைடு காட்சியும் இருந்தது. வெற்றி பெறுவது எப்படி என்று அதில் சொன்னார்கள். சரி, அதை விட்டுவிடுவோம்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. பயணத்துக்கு ஏற்பாடு செய்ததே என் பழைய மாணவி ஒருத்தி. மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறாள். எங்களுக்குக் காட்டுவதற்காகவே ஒரு பதிவுப் படிவத்தைத் திறந்து வைத்திருந்தாள். பெயர், பிறந்த தேதி, செல்போன் எண், அவ்வளவுதான்.

“சார், நீங்க நடத்தின புரோகிராம்ல எண் கேட்டா எண்தான் கொடுப்போம். இங்க எண் கேட்டா நான் பேரைக் கொடுப்பேன்” என்றாள்.

கொடுத்தாள். பிறகு எதுவுமே அடிக்காமல் பட்டனை அழுத்தினாள். வெறும் இடைவெளியை மட்டும் அடித்தாள். பிறந்த தேதியில் பிப்ரவரி 30 போட்டாள், படிவம் மறுத்தது. 1900 பிப்ரவரி 29 போட்டாள், ஏற்றுக்கொண்டுவிட்டது. 1900 லீப் வருடம் இல்லை என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட வேண்டும் என்று வகுப்பில் எழுதிப் போட்டதுதான். அதற்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள்.

குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், காலியாக விட முடியாது. “நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இதுல போட ஒண்ணும் இல்ல சார். எனக்கே இனிஷியல்தான்” என்று சொல்லி அதையும் குறித்துக்கொண்டாள்.

கடைசியாகப் பெயர்க் கட்டத்தில் ‘தமிழ்’ என்று அடித்து, இது எத்தனை எழுத்து என்று பிள்ளைகளைக் கேட்டாள். மூன்று என்றார்கள். கட்டத்தின் ஓரத்தில் எழுத்துகளை எண்ணிக் காட்டும் கவுன்ட்டர் ஐந்து என்றது. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் ‘மி’ என்பது ம ஒன்று, மேல் விலங்கு ஒன்று. ‘ழ்’ என்பது ழ ஒன்று, புள்ளி ஒன்று. இருபது எழுத்து வரை அனுமதி என்று வைத்தால், ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இடம் போதும், தமிழில் எழுதுகிறவருக்குப் பெயர் பாதியில் நின்றுபோகும். இது முழுக்க எங்கள் பாடத்தில் உள்ள சரங்கள் (ஸ்ட்ரிங்) தான்.

கண்டுபிடித்த ஒவ்வொரு பிழைக்கும் டிக்கெட் என்று ஒரு குறிப்பு. என்ன செய்தேன், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்று எழுதி, திரைப் படத்தையும் சேர்க்கிறார்கள். “புரோகிராம் எழுதினவருக்குக் கோபம் வராதாம்மா?” என்று கேட்டேன். “வரும் சார். ஆனா டிக்கெட் போட்டாச்சுன்னா பதில் சொல்லியே ஆகணும்.”

எங்கள் செய்முறை வகுப்பில் நடப்பது இதற்கு நேர்மாறு. ரெக்கார்டு நோட்டில் புரோகிராமும் வெளியீடும் முன்கூட்டியே எழுதியாகிவிடும். தேர்வன்று அந்த வெளியீடு வந்தால் மதிப்பெண். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் யாரும் அதைப் படிப்பதில்லை, “சார், வரல” என்று கை தூக்குவார்கள். பாடநூலைக் குறை சொல்லமாட்டேன், நல்ல நூல்தான். கேட்கிற தேர்வு அப்படி.

ஊர் திரும்பிய பிறகு ஆய்வகத்தில் ஒரு விளையாட்டு வைத்தேன். வயதைக் கேட்டு, அடுத்த ஆண்டு எத்தனை என்று சொல்லும் சின்ன புரோகிராம். பக்கத்தில் இருப்பவர் அதை உடைக்க வேண்டும், அதாவது பிழைச் செய்தி வரவைக்க வேண்டும். ‘பத்து’ என்று எழுத்தில் அடித்தாள் ஒருத்தி, உடனே உடைந்தது. இன்னொருவன் எங்கிருந்தோ தமிழ் எண்களை நகலெடுத்து ௧௬ (16) என்று போட்டான். எல்லோரும் சிவப்பு எழுத்துக்காகக் காத்திருந்தோம். பைத்தான் சாதாரணமாக 17 என்றது. 0 முதல் 9 வரை தமிழ் உட்படப் பல மொழிகளின் இலக்கங்களை அது எடுத்துக்கொள்ளும் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். பையன் விடவில்லை. பத்துக்கு நம்மிடம் தனிக் குறியே உண்டே என்று ௰ போட்டான். உடைந்தது. என்ன செய்தேன், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்று மூன்று வரியாக எழுதிக் கொண்டுவரச் சொன்னேன். ரெக்கார்டு நோட்டிலேயே எழுதலாமா சார் என்று கேட்டான். எழுது, தேர்வு அதிகாரி கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.