லேப்டாப்பில் நிலக்கரி அடுக்கு: கிரிட் கணக்கும் சில குளறுபடிகளும்

நிலக்கரிச் சுரங்கத்தைத் திட்டமிடப் பெரிய ஒர்க்ஸ்டேஷன் வேண்டும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. 5 கி.மீ.க்கு 4 கி.மீ. பரப்பை 25 மீட்டர் கிரிட்டாக (சதுரக் கட்டங்களாக)ப் பிரித்தால் 32,000 கட்டங்கள். கட்டத்துக்கு 4 பைட் என்றால் 128 கிலோபைட்தான். அதே இடத்தை 150 மீட்டர் ஆழத்துக்கு 1 மீட்டர் உயர பிளாக்குகளாக அடுக்கினால் 48 லட்சம் பிளாக்குகள். ஒவ்வொன்றுக்கும் பத்து விவரம் வைத்தால் 190 எம்.பி. தாண்டும். நிலக்கரி பாய் விரித்த மாதிரி படிந்து கிடப்பது. அதற்குக் கிரிட்டே போதும்.

அடுக்கின் கூரையையும் (மேல் பரப்பு) தளத்தையும் (அடிப் பரப்பு) தனித்தனியாகக் கிரிட் செய்ய வேண்டாம்; அதாவது, ஆய்வுத் துளைகளில் அளந்ததை வைத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பைத் தனித்தனியாகக் கணிக்க வேண்டாம். துளைகள் அரிதான இடத்தில் இரண்டும் குறுக்கிட்டுத் தடிமன் மைனஸில் போகும். தளத்தையும் தடிமனையும் கிரிட் செய்து, இரண்டையும் கூட்டிக் கூரையை எடுங்கள்.

அதிகம் சறுக்குவது தரவுத் தாளில்தான். அடுக்கு இருக்க வேண்டிய ஆழத்தைத் துளை கடந்தும் நிலக்கரி இல்லையென்றால் தடிமன் 0. துளை அதற்கு முன்பே நின்றுவிட்டால் தாளில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். காலியில் 0 போட்டால் நல்ல அடுக்கின் நடுவே படத்தில் ஒரு ஓட்டை விழும். அதைப் பார்த்து யாராவது பேனலையே (வெட்டி எடுக்கப் பிரித்த பகுதியையே) நகர்த்திவிடுவார்கள். கோர் (துளையிலிருந்து எடுக்கும் பாறை உருளை) நொறுங்கி முழுசாக வராத துளைகளில், பெட்டியில் உள்ளதை அளக்காமல் காமா, அடர்த்தி லாக் (துளைக்குள் கருவி இறக்கி எடுக்கும் பதிவு) காட்டும் ஆழங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

துளைகள் 400 மீட்டர் இடைவெளியில் இருக்க, 5 மீட்டர் கிரிட் போட்டால் கோடுகள் வழுவழுப்பாக வரும், அவ்வளவுதான். புதிதாக ஒன்றும் தெரியாது. 10 மீட்டர் இறங்கிய ஃபால்டையும் (பாறைப் பிளவு நகர்வையும்) மென்பொருள் சரிவாக வழித்துவிடும். ஃபால்ட் கோட்டை முதலில் வரைந்து, இரு பக்கத்தையும் தனித்தனியாகக் கிரிட் செய்ய வேண்டும்.

முப்பரிமாணப் படம் நடுங்கினால் ஆயத்தொலைவுகளைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு பெரும்பாலும் 32 பிட் எண்ணில் ஓடும். வடக்கு மதிப்பு (வடக்குத் திசை ஆயத்தொலைவு) 45 லட்சம் மீட்டர் என்றால் அந்த எண்ணால் அரை மீட்டருக்குக் கீழ் பிரித்துக் காட்ட முடியாது. சுரங்கத்தின் ஒரு மூலையை 0,0 ஆக வைத்துக் கழித்துவிட்டால் நடுக்கம் போய்விடும்.

குறுக்குவெட்டில் உயரத்தை 5 மடங்கு இழுத்தால் அடுக்கு தெளிவாகத் தெரியும். ஆனால் 45 டிகிரிக் குழிச்சுவர் 79 டிகிரியாக நிற்கும். எத்தனை மடங்கு என்று படத்திலேயே எழுதுங்கள்.

டன் கணக்கை ஒருமுறை கையாலும் போடுங்கள்: 1000 × 200 மீட்டர் பேனல், 2.5 மீட்டர் தடிமன், அடர்த்தி கன மீட்டருக்கு 1.4 டன் என்றால் 7 லட்சம் டன். அடுக்கு சாய்வானது என்றால், வரைபடப் பரப்பைச் செங்குத்துத் தடிமனால்தான் பெருக்க வேண்டும். மெய்த் தடிமனால் (அடுக்கின் பரப்புக்கு நேர்குறுக்காக அளந்தது) பெருக்கினால் 30 டிகிரி சாய்வில் 13 சதவீதம் குறைந்துவிடும்.